செக்ரோலில் ஒரு புருசனும் பெண்சாதியும்

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் குடும்பம் நடத்திய தமிழ்த் தம்பதிகளில் பெரும்பாலோருக்குக் கல்யாணச் சான்றிதழ் கிடையாது. தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டு, சாதிசனம் கூடி, தாலி ஏறிவிட்டால் கல்யாணம் முடிந்தது. முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் அனைத்தையும் பதிவுசெய்தே ஆகவேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1982 மார்ச்சில்தான். அதற்குள் அந்தத் தலைமுறையில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். லிங்கியிலும் சிலியாவிலும் ரந்தாவிலும் பகாவிலும் வாழ்ந்த அத்தகைய ஒரு தம்பதியின் கதையைத் தேடுகிறவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் செக்ரோல். தினமும் யார் வேலைக்கு வந்தார் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி புள்ளி போட்ட கூலிப்பேரேடு அது. புருசன் பெயர் ஒரு வரியில் இருக்கும். பெண்சாதி பெயர் வேறொரு வரியில், வேறு கூலியோடு இருக்கும். இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதை அந்தப் பேரேடு சொல்லாது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு தம்பதியோடு ஒப்பிட்டால் இந்தக் குறையின் ஆழம் தெரியும். 1910ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமதிப்பு வீடுவீடாகப் போய்ப் பெயர், வயது, மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை உயிரோடு என்றெல்லாம் கேட்டு எழுதியது. 72 ஆண்டுகள் கழிந்தபின் அந்தத் தாள்கள் பேரப்பிள்ளைகள் பார்க்கத் திறந்துவிடப்பட்டன. மலாயாவின் 1911, 1921 குடிமதிப்பு அறிக்கைகளில் தமிழர்கள் வெறும் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். டெட்ராய்ட்டில் கார் பூட்டிய தொழிலாளியின் குடும்பம் பெயரோடு நிற்கிறது. அந்தக் காரின் டயருக்குப் பால் வெட்டிய குடும்பம் கூட்டுத்தொகைக்குள் மறைந்துபோனது.

அப்படி மறைந்த குடும்பத்தின் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்கக் கங்காணிதான் வழி. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டபின் ஆள் சேர்ப்பது பெரும்பாலும் கங்காணி கைக்கு வந்தது. தோட்டத்திலேயே வேலை செய்யும் ஒருவர் உரிமச்சீட்டோடு சொந்த ஊருக்குப் போய், உறவிலும் பக்கத்துத் தெருவிலும் ஆள் திரட்டுவார். ஆகவே ஒரு கங்காணி கூட்டத்தில் இருந்தவர்களின் பூர்வீகம் பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆற்காடு ஜில்லாக்களில் அடுத்தடுத்த ஊர்களாக இருக்கும். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறினால் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வரை ஏறக்குறைய ஒரு வாரம். 1926க்குப் பிறகு வந்தவர்கள் பலர் நினைவில் வைத்திருந்த கப்பல் பெயர் ரஜுலா. இறங்கியதும் தொற்றுத்தடுப்பு முகாம். அங்கிருந்து ரயிலில் சிரம்பான்.

தம்பதியாக வந்தவர்கள் குறைவு. 1921இல்கூட மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் விதிகள் மூன்று ஆணுக்கு இரண்டு பெண் என்ற அளவைக் கேட்டன. மலாயாவுக்கு அதிலிருந்து விலக்கு நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. குடும்பத்தோடு வந்தவன் சொல்லாமல் வேறு தோட்டத்துக்கு ஓடமாட்டான் என்பதால் துரைமார் தம்பதிகளை விரும்பினார்கள். அந்த விருப்பத்தை அக்கறை என்று எழுதுவது சரியாகாது. லயம் என்ற வரிசை வீட்டில் கிடைத்தது ஓர் அறை, முன்னால் அஞ்சடித் தாழ்வாரம், அடுப்பு. அவ்வளவுதான்.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கைக்குழந்தையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் தன் மர நிரைக்குப் போவாள். முந்தின நாள் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி, நாடாபோல உருவிக் கூடையில் போடுவாள். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து வைப்பாள். பிறகு உளியைச் சாய்த்துப் பட்டையை மெல்லச் சீவுவாள். கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. பால் கோட்டோடு இறங்கித் தகரத்தின் வழியாக மங்கில் சொட்டத் தொடங்கும்போது அவள் அடுத்த மரத்தில் இருப்பாள். நிரை முடிந்ததும் திரும்ப வந்து பாலெடுத்து, காண்டாக் கம்பில் வாளிகளை மாட்டி ஸ்டோருக்குத் தூக்க வேண்டும். புருசனும் பக்கத்து நிரையில் இதே வேலைதான் செய்தான். ஆனால் 1920களின் கடைசியில் சட்டப்படியான கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40 ஆகவும் 32 ஆகவும் குறைந்தது. ஒரே மரம், ஒரே உளி, எட்டுக் காசு வித்தியாசம். செக்ரோலில் பெண்ணின் வரியை அடையாளம் காட்டுவது பல சமயம் இந்தக் காசுதான்.

அந்த மந்தத்தில் குடும்பங்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டன. 1930 முதல் 1932 வரை அப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். 1936இல் இந்திய அரசு அனுப்பி வந்து தோட்டங்களைப் பார்த்த சீனிவாச சாஸ்திரி கங்காணி முறையை நிறுத்தச் சொன்னார். 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தையே தடுத்தது. அதோடு ஊரிலிருந்து மணப்பெண் கொண்டுவருவது கடினமாகி, பக்கத்துத் தோட்டத்தில் சம்பந்தம் செய்வது வழக்கமானது. ஜப்பானியர் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை போடுவதற்குப் பல்லாயிரம் தோட்ட ஆண்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை, மரணத்தாளும் வரவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்கள் இருந்தார்கள். குடும்ப வரலாறுகள் பெரும்பாலும் அறுந்துபோகும் இடம் இது.

1948இல் அடையாள அட்டை வந்தது. குடியுரிமை பெறாதவர்கள் கையில் சிவப்பு அட்டை தங்கியது. 1969இல் வேலை பெர்மிட் கட்டாயமானபோது சிவப்பு அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை விட்டுப் போன வயதான தம்பதிகளும் அவர்களில் உண்டு.

பிறகு தோட்டங்கள் துண்டாயின, செம்பனைக்கு மாறின, செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்பேட்டையாகவும் வீடமைப்பாகவும் ஆயின. ஆபீஸ் மூடப்பட்டபோது செக்ரோல்கள் பல அழிந்தன. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் நெகிரி செம்பிலான் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் சில இடங்களில் தப்பியிருக்கின்றன. அவற்றில் பிள்ளை தகப்பன் பெயரோடு இருக்கும். இருவர் பெயரும் சேர்ந்து நிற்கும் தாள் பெரும்பாலும் மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் ஏறிய பெயர்கள் அவை. அண்ணன் தாளில் ஒரு மாதிரியும் தங்கை தாளில் இன்னொரு மாதிரியும் இருக்கும். தாயின் பெயரை உரக்க வாசித்துப் பார்த்தால்தான் அது முனியம்மாவா மீனம்மாவா என்று பிடிபடும்.