வட்டுக்கோட்டைச் செமினறியில் மாணவர் வாழ்க்கை

கல்லூரி மாணவரின் சுமையைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பரீட்சையையே பேசுவர். பாடம் மிகுதி, நேரம் குறைவு, பெற்றோரின் எதிர்பார்ப்போ அளவிறந்தது என்பர். அவையெல்லாம் மெய்யே. ஆயினும் நம் நாட்டிலே உயர்தர ஆங்கிலக் கல்வி தோன்றிய காலத்து மாணவன் சுமந்த பாரம் வேறு வகையானது. அவனுக்குப் பாடத்தைக் காட்டிலும் பாடம் கற்பித்த இடமே பெருஞ்சோதனையாயிற்று. அந்த இடம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. காலம் 1823 முதல் 1855 வரையுள்ள முப்பத்திரண்டு ஆண்டுகள்.

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்தனர். வட்டுக்கோட்டையிலே போர்த்துக்கேயர் காலத்துக் கோவிலும் அதனைச் சூழ்ந்த வளவும் அவர்கள் கைக்கு வந்தன. ஊர்கள்தோறும் தமிழ்ப் பாடசாலைகளை நிறுவி, அவற்றிலே திறமை காட்டிய சிறுவரைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் வைத்து மேற்படிப்புக் கொடுக்க எண்ணினர். 1823ஆம் ஆண்டில் அவர்கள் வகுத்த திட்டம் ஒரு கல்லூரிக்கான திட்டமே. ஆனால் தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ் அமெரிக்கரை அவ்வளவாக விரும்பினாரல்லர். கல்லூரி என்ற தகுதிக்கு வேண்டிய அரசாங்கச் சாசனம் கிடைத்திலது. எனவே பெயரிற் குறைந்து, ‘செமினறி’ என்றே அது வழங்கலாயிற்று. பெயர் குறைந்ததேயன்றிப் படிப்புக் குறையவில்லை. நீதியரசர் சேர் றிச்சட் ஒட்லி அதற்கு ஆதரவளித்தார். அவர் பெயர் தாங்கிய ஒட்லி மண்டபம் அவ்வளவில் எழுந்தது.

முதல் அதிபர் டானியல் பூவர். அவரும் அவருக்குப் பின் வந்த ஹென்றி ஹொய்சிங்ரனும் ஏற்படுத்திய பாடத்திட்டத்தைப் பார்த்தால் இன்றைய மாணவனுக்கும் மலைப்புத் தோன்றும். ஆங்கிலமும் தமிழும் இரு கண்கள். அவற்றோடு கேத்திரகணிதம், அட்சரகணிதம், மடக்கை, திரிகோணகணிதம், பௌதிகம், வானசாத்திரம், தருக்கம், வேதாகமம், கிறித்தவ சமயத்தின் மெய்ம்மையை நிறுவும் நூல்கள் ஆகியனவும் இருந்தன. வீட்டில் ஆங்கிலம் ஒரு சொல்லும் கேட்டறியாத பிள்ளை, பனையோலையில் எழுத்தாணியாற் கீறிப் பழகிய கையோடு, யூக்கிளிட்டின் தேற்றங்களை அந்நிய மொழியில் நிறுவ வேண்டியதாயிற்று. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேசன் ரெனன்ற், 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே, இக்கழகத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்ப வைத்துப் பாராட்டினார். அப்பாராட்டைப் பலரும் எடுத்துச் சொல்வர். அந்த நிலைக்கு ஏறிய பிள்ளைகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்வோர் குறைவு.

முதல் விலை சோறு. விடுதிச் சாப்பாட்டைக் குறைகூறாத மாணவன் எக்காலத்தும் இருந்ததில்லை. ஆனால் அன்றைய குறை உப்பும் புளியும் பற்றியதன்று. அங்குச் சேர்ந்த பிள்ளைகளிற் பெரும்பாலார் சைவ வேளாளர் குடும்பத்தவர். கிறித்தவர் வளவிலே சமைத்த சோற்றை உண்டால் சாதி கெடும் என்பது அவர்தம் வீட்டார் கொள்கை. ஆகையால் தொடக்க நாட்களில் மிசன் எல்லைக்கு வெளியே, அயலிலுள்ள காணியில், சைவச் சமையற்காரரைக் கொண்டு சமைக்க இடங்கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளை படிப்பது ஒரு வேலிக்குள். உண்பது மறு வேலிக்குள். மிசனரிமார் இதனைச் சில காலம் பொறுத்து, மெல்ல மெல்ல வளவுக்குள்ளேயே உண்ணும்படி செய்தனர். சாதிக் கட்டைத் தளர்த்தியது நன்றே என்று நாம் இன்று கூறுவோம். ஆனால் அந்த முதற் கவளத்தை வாயிலிட்டவன் பெரியவனல்லன், பத்துப் பன்னிரண்டு வயதுப் பாலகன். விடுமுறைக்கு வீடு சென்றபோது அடுக்களைக்குள் அவனை விடுவார்களா, திண்ணையில் இருத்துவார்களா என்பதை அவனே போய்த்தான் அறியவேண்டும். ஆண்டாண்டாக ஊர் சுமந்து வந்த வழக்கை ஒரு சிறுவன் வயிற்றின் மேல் வைத்துத் தீர்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது விலை பெயர். உணவும் உடையும் புத்தகமும் தொடக்கத்தில் இலவசம். அச்செலவை அமெரிக்காவிலுள்ள கிறித்தவ அன்பர்கள் ஏற்றனர். பணம் அனுப்புவோர் தம் பெயரையோ, தாம் மதித்த பெரியார் ஒருவர் பெயரையோ அப்பிள்ளைக்கு இடும்படி கேட்பது வழக்கம். அவ்வாறே மானிப்பாய்ச் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சுதுமலை விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். சிதம்பரப்பிள்ளை வில்லியம் நெவின்ஸ் ஆனார். 1841ஆம் ஆண்டு தோன்றிய உதயதாரகைப் பத்திரிகையை முதலில் நடத்திய இருவரும் இச்செமினறியிற் படித்த தமிழரே. அவர் பெயர்களோ ஹென்றி மாட்டின், சேத் பேசன். ஹென்றி மாட்டின் என்பவர் உண்மையில் 1812இல் இறந்த ஆங்கிலப் பாதிரியார் ஒருவர். இறந்தாரின் பெயரையும் கடல் கடந்தாரின் பெயரையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தாங்கினர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் சமூகத்திலே இது சிறு காரியமன்று. வீட்டிலே ஒரு பெயர். வகுப்பு இடாப்பிலே மற்றொரு பெயர்.

மூன்றாவது, அறிவே தந்த நெருக்கடி. இதற்கு 1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணம் சான்று. வட்டுக்கோட்டையிலே விசுவநாத சாத்திரியார் என்னும் பஞ்சாங்க கணிதர் இருந்தார். யாழ்ப்பாணம் முழுவதும் மதித்த குடும்பம் அவருடையது. அவ்வாண்டுக் கிரகணத்தைப் பற்றி அவர் கணித்ததற்கும் பூவர் கணித்ததற்கும் வேறுபாடு தோன்றிற்று. கிரகணம் பற்றும் வேளை, நிற்கும் நேரம், மறைக்கும் அளவு ஆகியவற்றில் இருவர் கணக்கும் ஒவ்வவில்லை. வேறுபாடு ஊரறிய விளம்பப்பட்டது. குறித்த இரவிலே மக்கள் அண்ணாந்து நோக்கியிருக்கப் பூவரின் கணக்கே பொருந்திற்று. மிசனரிமார் இதனைப் பெருவெற்றியாகக் கொண்டாடினர். சாத்திரியார் தரப்பில் ஒன்று சொல்ல வேண்டும். தூரதரிசினியும் அச்சிட்ட அட்டவணையும் இன்றி, வாய்ப்பாடுகளை மனத்திற்கொண்டு, கிரகணம் நிகழும் நாளை முன்கூட்டியே சொல்லும் வித்தை எளியதன்று. வானசாத்திரம் அமெரிக்கர் கப்பலேறி வந்ததாக எண்ணுதல் பிழை. ஹொய்சிங்ரன் இதனை உணர்ந்தவர். தமிழரின் சோதிடக் கணிதத்தைக் கற்றே தமது வானநூலை எழுதினார். அவரே 1854இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அமெரிக்காவிலே வெளியிட்டவரும் ஆவர்.

அது நிற்க. கிரகண இரவிலே மாணவன் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுகின்றது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டத் தெரிந்தவன் அவன். வீட்டிலோ தாய் கிரகணம் விடும்வரை உண்ணாதிருக்கின்றாள். தந்தை முழுக்குக்கு ஆயத்தம் செய்கின்றார். கற்றதைச் சொன்னால் அவமரியாதை. சொல்லாவிட்டால் கற்றதற்குத் துரோகம். வகுப்பிலே வினாவுக்கு விடையிறுப்பது எளிது. வீட்டுத் திண்ணையில் விடையிறுப்பதே கடினம்.

இவற்றோடு, படிப்பு எதற்கு என்ற கேள்வியும் அவனைத் தொடர்ந்தது. மிசனரிமார் விரும்பியது போதகரை. பெற்றோர் விரும்பியது உத்தியோகத்தை. 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின் ஆங்கிலம் அறிந்த சுதேசிகளுக்கு அரசாங்கக் கந்தோர்களின் கதவு திறந்தது. எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர், நில அளவையாளர் என்று செமினறி மாணவர் இலங்கையிலும் இந்தியாவிலும் சென்றமர்ந்தனர். ஒரு பிள்ளையின் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே நின்றது. தங்கையின் சீதனமும் காணியின் ஈடும் அவன் ஆங்கிலத்திலே தங்கியிருந்தன. ஞானஸ்நானம் பெறுவதா வேண்டாமா என்னும் ஆன்மாவின் கேள்வி, உத்தியோகக் கேள்வியோடும் கலியாணக் கேள்வியோடும் பின்னிக் கிடந்தது. ஞானஸ்நானம் பெற்றவருள் மனமாரப் பெற்றோரும் உளர். விடுதி வாழ்வின் பொருட்டுப் பெற்றோரும் உளர். இன்னார் இவ்வகையினர் என்று நாம் தீர்ப்புக் கூற முடியாது. அவருட் பலர் தாமே அதைத் தெளிவாக அறிந்திருப்பாரோ என்பதும் ஐயமே.

1855ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்துத் தலைமைச் சங்கத்திலிருந்து றூபஸ் அண்டர்சன் என்பவர் ஆய்வுக்கு வந்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: இத்துணைப் பணமும் உழைப்பும் செலவிட்டு எத்தனை கிராமப் போதகரைப் பெற்றோம்? விடை அவருக்கு உவப்பாயில்லை. ஆங்கிலம் கற்றவன் கிராமத்தை விட்டுக் கந்தோருக்குப் போகின்றான். சுவிசேஷம் தாய்மொழியிலே பரவட்டும் என்பது அவர் முடிவு. அவ்வாண்டே செமினறி நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்தவர் நோக்கிலே அம்முடிவுக்கு நியாயமுண்டு. போதகரை ஆக்குவதற்கென்றே அமெரிக்க ஊர்களில் காசு சேர்த்தவர்கள் அவர்கள். தாய்மொழிக் கல்வியை அவர் வற்புறுத்தியதையும் குறைகூற ஒண்ணாது. ஆயினும் பாதி வழியில் நின்ற மாணவரை எவரும் கேட்டிலர். சோற்றையும் பெயரையும் கொடுத்து உள்ளே புகுந்தவர்களுக்கு, கதவு வெளியிலிருந்தே சாத்தப்பட்டது. பழைய மாணவரும் ஊரவரும் இடைவிடாது வேண்டி நின்றதன் பயனாக, 1872ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தில் எழுந்தது.

அண்டர்சனின் கணக்கிலே சேராத சில காரியங்கள் உண்டு. செமினறி மூடி ஈராண்டு கழியுமுன், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதலாவது பட்டப் பரீட்சையை நடத்திற்று. அதிலே தேறிய முதலிருவரும் வட்டுக்கோட்டையில் உருவானவர்களே. ஒருவர் அங்கே ஆசிரியராயுமிருந்த கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. முன்னவருக்கு வயது முப்பத்தேழு, பின்னவருக்கு இருபத்தைந்து.

விசுவநாதபிள்ளை தமிழில் அட்சரகணித நூல் எழுதியவர். நாவலர் கிறித்தவத்தை மறுத்தெழுதிய நூலுக்கு எதிராகச் ‘சுப்பிரதீபம்’ எழுதியவரும் அவரே. பின்னர் அவர் சைவத்துக்கு மீண்டார். மீண்டபோது, சிவநிந்தை செய்த நாவைப் பொன்னூசி காய்ச்சிச் சுடுவித்துக்கொண்டார் என்று ஒரு கதை யாழ்ப்பாணத்தில் வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, இரு வீட்டுக்கும் பிள்ளையான ஒருவர் பட்ட வேதனையை ஊர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

தாமோதரம்பிள்ளையோ தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் சூளாமணியையும் செல்லரித்த ஏடுகளினின்று மீட்டு அச்சேற்றினார். பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளியும் அவருடைய பொறுமையிலே, எட்டு ஆண்டு கேத்திரகணிதமும் தருக்கமும் பயின்ற மாணவனை நான் காண்கிறேன். அவரும் சைவராகவே வாழ்ந்தார். அவர் மகன் அழகசுந்தரமோ கிறித்தவரானார்; பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரோடு தமிழறிஞராய் விளங்கினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறித்தவராயிருந்து உதயதாரகையை நடத்தினார். 1886இல் அவர் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ சைவப் புலவரையும் கிறித்தவப் புலவரையும் ஒரே வரிசையில் வைத்தது. போதகரை வேண்டியவரும் உத்தியோகத்தரை வேண்டியவரும் இந்நூல்களை எழுதுமாறு அவர்களைக் கேட்டதில்லை.

நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ‘நியாய இலக்கணம்’ என்னும் தருக்க நூலைத் தமிழில் இயற்றியவர். முதுமையில் அவர் யாழ்ப்பாண நகரிலே ஓர் ஆங்கிலப் பாடசாலை தொடங்கினார். அதனைச் சைவப் பெரியார்கள் ஏற்று நடத்த, அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. 1892ஆம் ஆண்டிலே அக்கல்லூரியின் தலைமைப் பதவிக்கு வந்தவர் அவர் மகன் செல்வத்துரை. தந்தைக்கு அமெரிக்கர் இட்ட பெயரை அவர் விட்டுவிடவில்லை. நெவின்ஸ் செல்வத்துரை என்றே கையெழுத்திட்டுச் சைவப் பிள்ளைகளை அவர் அக்கல்லூரியிற் சேர்த்துக்கொண்டார்.