ஆங்கிலத்தில் ஒரு சாதிப்பெயர்

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, கறி என்று ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களை வரிசையாகச் சொல்லிப் பெருமைப்படுவது நம் தமிழ்ச் சங்க விழாக்களில் வழக்கம். அந்தப் பட்டியலில் அநேகமாக விடுபட்டுப்போகும் சொல் ஒன்று உண்டு: ‘பரையா’. இத்தனைக்கும் மிளகுத்தண்ணியைவிட இதைத்தான் நாளிதழ்களில் அதிகம் பார்க்கிறோம். உலகம் தள்ளிவைத்த நாட்டுக்கு ‘பரையா ஸ்டேட்’ என்று பெயர்.

மேற்படிப்புக்காக ஜிஆர்ஈ தேர்வுக்குத் தயாரானபோது என்னிடமிருந்த சொல்லட்டையில் இதற்கு ஒரே வரியில் பொருள் போட்டிருந்தது: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். அது இன்றும் வாழும் மக்களின் சாதிப்பெயர் என்பதோ, அவர்கள் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி வாழ்ந்தார்கள் என்பதோ அட்டையில் இல்லை.

பறை என்றால் தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைச் சிறப்பித்துச் சொல்கிறது. அதில் இழிவின் சாயலே இல்லை. இழிவு பிறகு வந்தது, அதைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். இந்த இடத்தைப் பூசி மெழுகுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் செய்தது வேறு. ஒரு சாதியின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்ட எவருக்கும் பொதுப்பெயர் ஆக்கினார்கள். தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அதைச் சூட்டினார்கள். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் ஹென்றி யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இது பறையடிப்பவரைக் குறிக்கும் சொல் என்றும், தமிழ்நாட்டின் பெரிய சாதிகளுள் ஒன்றின் பெயர் என்றும் தெளிவாகவே எழுதியது. யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே சொல் இலக்கியத்துக்குள் போய்விட்டது. பெர்னார்தென் த சேன்-பியேர் 1791இல் எழுதிய ‘இந்தியக் குடிசை’ என்ற பிரெஞ்சுக் கதையில் ஞானத்தைத் தருபவர் ஒரு பரையாதான். 1821இல் தெலவீஞின் நாடகம் வந்தது. 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் ‘பரியா’ என்று அழைத்துக்கொண்டார். மாக்ஸ் வேபர் யூதர்களைப் ‘பரியா மக்கள்’ என்றார். ஹன்னா அரெண்ட் 1944இல் அதையே தலைநிமிர்ந்து நிற்கும் ஒரு மரபின் பெயராக்கினார். அரெண்டின் கட்டுரை எனக்குப் பிடித்தமானது. ஆனாலும் அந்தப் பெயருக்கு உரியவர்கள் இந்த விவாதம் எதிலும் இல்லை.

அவர்களுக்குள் வேறொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். மறைக்கச் சொன்ன பெயரை அச்சில் ஏற்றினார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது பகைவர் சூட்டியது என்றார். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை அரசு ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. இன்று இந்தியாவில் சாதிப்பெயர் சொல்லிப் பொது இடத்தில் வைவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். லண்டன் நாளிதழில் அதே பெயர் தலைப்புச் செய்தி.

மலேசியாவில் ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவல் பள்ளிப் பாடமானபோது இந்தச் சொல்லுக்காகப் போராட்டம் வெடித்து, 2011இல் நூல் விலக்கப்பட்டது. போராடியவர்களின் கோபம் நியாயம்தான். ஆனால் சில குரல்களில் ‘எங்களை எப்படி அப்படிச் சொல்லலாம்’ என்ற அழுத்தம் கேட்டது. அந்த ‘எங்களை’க்குள் யார் இருந்தார்கள், யார் இல்லை?

2020இல் எங்கள் துறையில் ‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’, ‘பிளாக்லிஸ்ட்’ எல்லாம் மாற்றப்பட்டன. என்னிடம் வந்த பட்டியலில் இந்தச் சொல் இல்லை. போன வருடம் ஓர் அறிக்கையில், எதனோடும் இணைக்கப்படாத பழைய சர்வர் ஒன்றைப் ‘பரையா சர்வர்’ என்று எழுதியிருந்தார்கள். ‘தனித்து விடப்பட்ட’ என்று மாற்றினேன். உடன் வேலை செய்யும் ஐரிஷ்காரர் காரணம் கேட்டார். பறையிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் மொழியில் யாரும் இதை வசவாகச் சொல்வதில்லையா?” என்றார்.

சொல்கிறார்கள் என்றேன்.