பதினாறு டன் பாட்டு வந்த கதை

அமெரிக்காவில் 'கண்ட்ரி' என்று ஒரு பாட்டுவகை உண்டு. நம் தெம்மாங்கு மாதிரி, உழைக்கிற சனங்களிடம் பிறந்தது. பட்டணத்தார் அதைப் பட்டிக்காட்டுப் பாட்டு என்று ஒதுக்கியதும் உண்டு. அப்படிப்பட்ட பாட்டு ஒன்று 1955-ஆம் ஆண்டில் பட்டணத்து 'பாப்' பாட்டுகளையெல்லாம் பின்னே தள்ளி முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. 'சிக்ஸ்டீன் டன்ஸ்', அதாவது பதினாறு டன், என்பது அதன் பெயர். அதில் காதல் கிடையாது, கடன்தான் இருக்கிறது.

எழுதியவர் மெர்ல் டிராவிஸ். கென்டக்கி மாநிலத்தில் 1917-ல் பிறந்தவர். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அக்காலத்துச் சுரங்கங்கள் பலவற்றில் கரியின் எடைக்குத்தான் கூலி. வீடும் கம்பெனி வீடு, கடையும் கம்பெனிக் கடை. கூலியைக்கூட ரொக்கமாகத் தராமல், கம்பெனி தானே அடித்த டோக்கனாகத் தருவார்கள். அது வெளிக் கடையில் செல்லாது. மாவு, எண்ணெய், சப்பாத்து என்று முன்கூட்டியே வாங்கிவிட்டால் சம்பள நாளில் கைக்கு என்ன வரும்? 555 நோட்டில் கணக்கெழுதிச் சாமான் வாங்கிய நம்ம பெரியவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

1946-ல் 'கேப்பிட்டல்' இசைத்தட்டுக் கம்பெனி டிராவிஸிடம் நாட்டுப்புறப் பாட்டுகள் கேட்டது. பழைய பாட்டுகளை மற்றவர்கள் பாடித் தீர்த்துவிட்டார்களே என்று அவர் தயங்கியபோது, புதிதாக எழுதச் சொன்னார்கள். கடைக் கடனைப் பற்றித் தகப்பனார் வேடிக்கையும் வேதனையுமாகச் சொல்லும் பேச்சு ஒன்று, சகோதரர் கடிதத்தில் எழுதிய வரி ஒன்று. இவையே பாட்டுக்குக் கரு. அதே ஆண்டில்தான் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முற்றி, அரசாங்கமே சுரங்கங்களைக் கையில் எடுக்க நேர்ந்தது. 1947-ல் தட்டு வெளியானது. பெரிதாக விற்கவில்லை.

எட்டு ஆண்டு கழித்து டிராவிஸின் நண்பர் டென்னசி எர்னி ஃபோர்டு அதைப் பாடினார். பாடும் முன் தாளம் காட்ட விரலைச் சொடுக்கினார். தயாரிப்பாளர் லீ கில்லெட் அந்தச் சொடுக்கையும் சேர்த்தே பதியச் சொன்னார். கிளாரினெட் ஒன்று இழைய, கனத்த குரலில் பாட்டு மெதுவாக நடக்கும். இத்தனைக்கும் அது தட்டின் பின்பக்கப் பாட்டு! வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். கண்ட்ரி பட்டியலில் 10 வாரம் முதலிடம். பாப் பட்டியலிலும் முதலிடம். 1956 சனவரியில் இங்கிலாந்திலும் அப்படியே.

சொடுக்குதான் பட்டணத்துக் காதை இழுத்தது என்பார்கள். இருக்கட்டும். வெறும் சொடுக்குக்காக யார் அத்தனை வாரம் கேட்பார்கள்? தவணைக்குச் சாமான் வாங்கிய பட்டணத்தாருக்கும் அந்தக் கணக்கு புரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டிராவிஸ் வளர்ந்த எபனேசர் என்ற சிற்றூரில் 1956-ல் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 38. சுரங்கத் தொழிலாளி மகனுக்கு, அவன் உயிரோடு இருக்கும்போதே!