அரிக்கேன் விளக்கும் 328 நாள் இருட்டும்



போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய அரிக்கேன் விளக்கு ஒன்று அகப்பட்டது. கண்ணாடி உடையாமல் இருந்தது ஆச்சரியம். துடைத்து வைத்தேன். லீவுக்கு வந்திருந்த பேரன், "தாத்தா, அரிக்கேன்னா என்ன?" என்று கேட்டான். "ஹரிக்கேன் என்றால் சூறாவளி. சூறைக்காற்றிலும் அணையாத விளக்கு என்பதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர். நம் வாயில் அரிக்கேன் ஆகிவிட்டது" என்றேன். விட்டானா? "ஹரிக்கேன் எந்த மொழிச் சொல்?" என்று அடுத்த கேள்வி.

அது கரீபியன் கடல் தீவுகளில் வாழ்ந்த டைனோ என்ற பூர்வகுடி மக்களின் சொல். ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அந்த டைனோ மக்கள் வாழ்ந்த தீவுகளில் ஒன்றுதான் புவேர்ட்டோ ரிக்கோ. சூறாவளிக்குப் பெயர் கொடுத்த மக்களின் தீவிலேயே 2017-ல் ஒரு சூறாவளி எல்லா விளக்கையும் அணைத்தது. கடைசி வீடுகளுக்கு மறுபடி கரண்ட் வர 328 நாள் ஆயிற்று. பேரனுக்குச் சொன்ன அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்த பிள்ளைகள் நீங்கள், இதையும் படிப்பீர்கள்.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். புவேர்ட்டோ ரிக்கோ கிழக்கு மேற்காகச் சுமார் 160 கிலோமீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 55 கிலோமீட்டர். நடுவில் முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர். 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைக்குப் போனது. 1917 முதல் அங்குள்ளவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வசிப்பவர்களுக்கு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. 2017-ல் மக்கள் தொகை சுமார் 33 லட்சம். மின் இணைப்புகள் சுமார் 15 லட்சம்.

இந்தப் படத்தில் ஒரு செய்தி முக்கியம். பெரிய மின் நிலையங்களில் பெரும்பாலானவை தெற்குக் கரையில் இருக்கின்றன. மின்சாரம் அதிகம் தேவைப்படும் தலைநகர் சான் ஹுவான் வடக்குக் கரையில் இருக்கிறது. தெற்கே பிறக்கும் மின்சாரம் மலை ஏறி இறங்கித்தான் வடக்கே போக வேண்டும். மலை மேல் கோபுரங்கள் சாய்ந்தால் தலைநகர் இருண்டுவிடும்.

2017 செப்டம்பர் 6 அன்று இர்மா என்ற சூறாவளி தீவின் வடக்கே கடலோடு போனது. நேரடியாகத் தாக்கவில்லை. அப்படியும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள், செப்டம்பர் 20 விடியற்காலையில் மரியா வந்தது. தென்கிழக்கே யபுக்கோவா என்ற ஊரருகே கரையேறி, தீவைக் குறுக்காகக் கடந்து வடமேற்கே வெளியேறியது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர். அன்று தீவு முழுவதும் ஒரு வீட்டுக்குக்கூட மின்வாரியத்தின் கரண்ட் இல்லை.

இதில் மின் நிலையங்களுக்குப் பெரிய சேதம் இல்லை என்பது விசித்திரம். இயந்திரங்கள் இருந்தன. கொண்டுபோகும் கம்பிதான் இல்லை. அங்கே சுமார் 3,900 கிலோமீட்டர் உயரழுத்தக் கம்பிகளும், வீடுகளுக்குப் பிரிந்து போகும் கம்பிகள் சுமார் 48,000 கிலோமீட்டரும் இருந்தன. அதில் பெரும்பகுதி தரையில் கிடந்தது, அல்லது மரத்தோடு பின்னிக் கிடந்தது.

"நிலையம் நன்றாக இருந்தால் ஸ்விட்சைப் போட வேண்டியதுதானே?" என்று பேரன் கேட்டான். நீங்களும் கேட்பீர்கள். அனல் மின் நிலையம் ஓடுவதற்கே மின்சாரம் வேண்டும். தண்ணீர் ஏற்றும் பம்புகள், காற்று ஊதும் விசிறிகள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. சாதாரண நாளில் பக்கத்து நிலையத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். எல்லாமே நின்றுவிட்டால்? முதலில் தானே கிளம்பக்கூடிய ஒரு சிறிய டர்பைனை ஓட்டி, அதைக் கொண்டு பெரியதை எழுப்ப வேண்டும்.

எழுப்பிய பிறகும் நிம்மதி இல்லை. எவ்வளவு உற்பத்தியோ அவ்வளவு செலவு அந்தந்த நொடியில் இருந்தாக வேண்டும். நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்கள் சேர்ந்து ஒரே சீராக இழுக்க வேண்டும், முட்டுக்கட்டை போடுபவரும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் திடீரென்று விட்டுவிட்டால் தேர் தாறுமாறாகிவிடும். மின்கட்டமைப்பும் அப்படித்தான். ஒரு பெரிய கம்பி அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். பக்கத்து மாநிலத்திலிருந்து கம்பி வந்தால் அது தாங்கிப் பிடிக்கும். தீவுக்கு அக்கம்பக்கம் கடல்தான்.

பிள்ளைகளே, இங்கே நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. மரியாதான் விளக்கை அணைத்தது. ஆனால் 328 நாள் என்ற கணக்கு புயலுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் தீவின் மின்வாரியம் 1941-ல் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் ஏழைத் தீவுக்குத் தொழிலும் வெளிச்சமும் கொடுத்த நிறுவனம். பிறகு கடன் மேல் கடன். 2017-ல் அதன் கடன் சுமார் 900 கோடி டாலர். புயலுக்கு இரண்டரை மாதம் முன்பு, ஜூலை மாதம், திவால் மனு போட்டது. கடன்காரன் வீட்டில் முதலில் எதை நிறுத்துவார்கள்? கூரை ஓடு மாற்றுவதை நிறுத்துவார்கள். அங்கும் பராமரிப்பு குறைந்தது. கம்பியருகே மரம் வெட்டுவது குறைந்தது. அனுபவமுள்ள ஊழியர்கள் பலர் ஓய்வு பெற்றும், வேலையை விட்டும் போனார்கள். இயந்திரங்கள் நாற்பது வயதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. கையிருப்பில் போதுமான கம்பமும் இல்லை, டிரான்ஸ்பார்மரும் இல்லை.

அடுத்தது உதவி கேட்பது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா பகுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளி மாவட்டங்களிலிருந்தும், கேரளா, ஆந்திராவிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து சேற்றில் இறங்கி வேலை பார்த்தார்கள். அமெரிக்காவிலும் மின் நிறுவனங்களுக்குள் இப்படி ஒரு பழைய வழக்கம் உண்டு. அதே செப்டம்பரில் இர்மா புளோரிடாவைத் தாக்கியபோது வெளி மாநிலங்களிலிருந்து பல்லாயிரம் லைன்மேன்கள் வண்டியோடு வந்து இறங்கினார்கள். சில நாட்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் வந்துவிட்டது.

புவேர்ட்டோ ரிக்கோவுக்குச் சாலை வழி கிடையாது. கம்பம், கம்பி, வண்டி எல்லாம் கப்பலில் வர வேண்டும். அங்கே 38 கிலோவோல்ட் என்ற, அமெரிக்காவில் அதிகம் புழங்காத அழுத்தத்திலும் கம்பிகள் ஓடின. அதனால் எல்லா உதிரிபாகமும் கடையில் உடனே கிடைத்துவிடாது. இதெல்லாம் தீவின் கஷ்டம்.

ஆனால் திவாலான மின்வாரியம் அந்தப் பழைய வழக்கப்படி உடனே உதவி கேட்கவில்லை. மொண்டானா மாநிலத்தின் ஒயிட்ஃபிஷ் எனர்ஜி என்ற சிறு கம்பெனியோடு 30 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. புயல் அடித்த அன்று அந்தக் கம்பெனியில் முழுநேர ஊழியர் இரண்டே பேர்! முன்பணம் கேட்கவில்லை என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு மின்வாரியம் சொன்ன காரணம். அந்தக் கம்பெனி நூற்றுக்கணக்கான ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்து சில முக்கியக் கம்பிகளைச் சரிசெய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு லைன்மேனுக்கு மணிக்கு 319 டாலர் என்ற பில் வெளியே தெரிந்ததும் ஊரே கொதித்தது. அக்டோபர் 29 அன்று ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக அறிவித்தார்கள். மற்ற மின் நிறுவனங்களிடம் முறைப்படி உதவி கேட்டது அக்டோபர் கடைசியில். புயல் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. நவம்பரில் மின்வாரியத் தலைவர் பதவி விலகினார்.

டிசம்பர் நடுவில் 95 சதவீதம் மின் உற்பத்தி திரும்பிவிடும் என்று ஆளுநர் இலக்கு வைத்திருந்தார். டிசம்பர் கடைசியில் வெளியான கணக்குப்படி 55 சதவீத இணைப்புகளுக்குத்தான் கரண்ட் இருந்தது. மலைக்கிராமங்கள் கடைசி வரிசையில் நின்றன. செங்குத்தான சரிவுகளில் ஹெலிகாப்டரில் கம்பத்தைத் தொங்கவிட்டு நட வேண்டியிருந்தது. நட்டதும் நிலைக்கவில்லை. 2018 ஏப்ரல் 18 அன்று, விழுந்த கோபுரம் ஒன்றை அகற்றிக்கொண்டிருந்த மண் அள்ளும் இயந்திரம் உயிருள்ள கம்பியை நெருங்கிவிட, தீவு முழுவதும் மறுபடி இருண்டது. 2018 ஆகஸ்ட் 14 அன்றுதான் வேலை முடிந்ததாக மின்வாரியம் அறிவித்தது. அமெரிக்க வரலாற்றிலேயே மிக நீண்ட மின்வெட்டு இது.

கரண்ட் இல்லாவிட்டால் என்ன, நம் தாத்தா பாட்டி வாழவில்லையா என்று யாராவது கேட்கலாம். வாழ்ந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்து, விறகில் சமைத்து வாழ்ந்தார்கள். இன்றைய ஊர் அப்படி இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ், ஆக்சிஜன் இயந்திரம், டயாலிசிஸ் எல்லாம் கரண்டை நம்பி இருக்கின்றன.

பக்கத்தில் வியெக்கெஸ் என்று ஒரு குட்டித் தீவு. பெரிய தீவிலிருந்து கடலுக்கடியில் போகும் கேபிள்தான் அதற்கு மின்சாரம். புயலில் அங்கிருந்த மருத்துவமனையும் டயாலிசிஸ் பிரிவும் சேதமாயின. சிறுநீரக நோயாளிகள் வாரம் மூன்று முறை சிறு விமானத்தில் பெரிய தீவுக்குப் பறந்து போய் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டு திரும்பினார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, வருடக்கணக்கில்.

இனி ஒரு கணக்கு. புயலில் இறந்தவர்கள் என்று அரசு முதலில் சொன்னது 16 பேர். டிசம்பரில் அது 64 ஆனது. ஆனால் மயானங்களும் மருத்துவமனைகளும் வேறு கணக்குச் சொல்லின. அரசே கேட்டுக்கொண்டதன்பேரில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை, வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 2,975 பேர் என்று 2018 ஆகஸ்டில் மதிப்பிட்டது. அரசும் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது. ஏழை ஊர்களில் இருந்தவர்களுக்கும் 65 வயதைக் கடந்த ஆண்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது என்கிறது அந்த அறிக்கை. அந்த வயதை நானும் நெருங்கிவிட்டதால் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

காற்று அடித்தது ஒரே நாள். சாவு ஆறு மாதம் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவருவதை உயிர் காக்கும் வேலையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இருட்டிலும் சில இடங்களில் வெளிச்சம் இருந்தது. அட்ஹுந்தாஸ் என்ற மலையூரில் காசா புவெப்லோ என்று ஓர் அமைப்பு. மக்கள் வீடு என்று பொருள். 1980-ல் செப்புச் சுரங்கத்தை எதிர்த்துத் தொடங்கியவர்கள். 1999-லேயே தங்கள் கட்டடத்தில் சூரிய மின்தகடு வைத்துவிட்டார்கள். மரியா போன பிறகும் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. மக்கள் செல்போனுக்கும் மருத்துவக் கருவிக்கும் சார்ஜ் ஏற்ற அங்கே வந்தார்கள். அமைப்பினர் ஆயிரக்கணக்கான சூரிய விளக்குகளை மலைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். 2023-ல் அந்த ஊர்க் கடைவீதிக்கே சூரிய தகடும் பேட்டரியும் சேர்ந்த ஒரு சிறு மின்கட்டமைப்பு வந்துவிட்டது.

சான் செபாஸ்டியான் என்ற ஊரில் இன்னொரு கதை. அந்த ஊருக்கு பெப்பினோ என்றும் பெயர். ஸ்பானிய மொழியில் வெள்ளரிக்காய்! மின்வாரியத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய், மேயர் நகராட்சி ஊழியர்களையும் ஓய்வு பெற்ற மின் ஊழியர்களையும் திரட்டினார். 'பெப்பினோ மின்வாரியம்' என்று கேலியும் பெருமையுமாகப் பெயர் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கரண்ட் கொடுத்தார்கள். உடனே நீங்களும் கம்பத்தில் ஏறிவிடாதீர்கள். அறுந்த கம்பியில் யார் வீட்டு ஜெனரேட்டர் கரண்டாவது திரும்பி வரும், தொட்டவர் உயிர் போகும். அங்கே ஏறியவர்கள் அந்த வேலையிலேயே தலை நரைத்தவர்கள். ஓய்வு பெற்றவனுக்கும் ஒரு வேலை வரும் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கதை சுபமாக முடியவில்லை. 2021-ல் கம்பிகளைப் பராமரிக்கும் பொறுப்பு லூமா என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. 2022 செப்டம்பரில் ஃபியோனா சூறாவளியில் தீவு முழுவதும் மறுபடி இருண்டது. 2024 டிசம்பர் 31 அன்று, புயலே இல்லாத ஒரு விடியற்காலையில், பெரும்பாலான வீடுகளில் கரண்ட் போனது. 2025 ஏப்ரலில் மீண்டும் ஒருமுறை. சரிசெய்வதும் பலப்படுத்துவதும் வேறு வேறு வேலை. விழுந்த கம்பத்தை நிமிர்த்திவிட்டுப் போனால் அடுத்த காற்றுக்கு அது மறுபடி விழும். அதனால் மக்கள் தாங்களாகவே கூரையில் சூரிய தகடும் பேட்டரியும் வைத்துக்கொள்கிறார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வந்துவிட்டது. வசதியுள்ளவர்கள் வைத்துக்கொள்வார்கள். வசதியில்லாத கிழவி என்ன செய்வாள் என்பது அங்கே இன்னும் பதில் கிடைக்காத கேள்வி.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் மூன்று நான்கு பேர் இதைப் படிப்பீர்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் கமெண்டில் திருத்துங்கள். ஆசிரியர் என்று தயங்க வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தெருவில் ஆக்சிஜன் இயந்திரம், இன்சுலின், டயாலிசிஸ் என்று யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கரண்ட் போனால் முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

அரிக்கேன் விளக்குக்குத் திரி வாங்கிப் போட்டுவிட்டேன். மண்ணெண்ணெய்தான் எங்கும் கிடைக்கவில்லை. எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.