சிறுகுறிஞ்சான் சாரம் பிறந்த கதை

காரைக்காலில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், சர்க்கரைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான் என்று பொடிகளை அடுக்குவார்கள். இவற்றில் சிறுகுறிஞ்சான் ஆய்வுக்கூடத்துக்குப் போனது இன்று நேற்றல்ல. போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

இது படரும் கொடி. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் சுவை தானே திரும்பிவிடும். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எட்ஜ்வொர்த் மூலம் 1847-இல் இந்தச் செய்தி லண்டன் அறிஞர்களுக்கு எட்டியது.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஊட்டியில் டேவிட் ஹூப்பர் இதைக் கையில் எடுத்தார். சிங்கோனா பட்டையிலிருந்து கொய்னா எடுப்பதைக் கவனிக்கும் அரசு வேதியியலாளர் அவர். இலையை மென்றபின் ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தார். இஞ்சி போட்ட இனிப்பு ரொட்டியில் இஞ்சிக் காரம் மட்டும் தெரிந்தது. ஆரஞ்சு எலுமிச்சையாகப் புளித்தது. அன்றாடம் அவர் புழங்கிய கொய்னாவே கசப்பிழந்து சாக்கட்டிபோல் இருந்தது. காரணமான பொருளைப் பிரித்து, ஜிம்னமிக் அமிலம் என்று பெயரிட்டு, 1887-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அது ஒரே பொருளல்ல, சபோனின் என்ற வகைப் பொருள்கள் பலவற்றின் கலவை என்பது பின்னால் தெரிந்தது.

நாக்கில் இனிப்பை மறைப்பது வேறு, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது வேறு. இரண்டாவதை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தது சென்னை. உயிர்வேதியியலாளர் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவினர் இலையிலிருந்து நீரில் கரையும் சாரமெடுத்து, ஜிஎஸ்4 என்று பெயரிட்டு, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1990-இல் முடிவுகள் வெளிவந்தன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 22 பேர் 18 முதல் 20 மாதங்கள் வரை வழக்கமான மாத்திரையோடு இதையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 5 பேரால் மாத்திரையையே விட முடிந்தது. ஆனால் ஆட்கள் குறைவு. ஒரு சாராருக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்ட சோதனையுமல்ல. 1999-இல் லண்டன் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: ஆய்வுக்கூடத்தில் இந்தச் சாரம் இன்சுலின் சுரக்கும் செல்லின் சவ்வைக் கசியவைத்துத்தான் இன்சுலினை வெளியே கொண்டுவந்தது. இது செல்லுக்கு நல்லதா என்ற கேள்வி அங்கே எழுந்தது.

இதோடு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஒப்பிடலாம். 1957-இல் பாரிசில் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அதற்கும் மூலம் ஒரு செடிதான்: ஐரோப்பாவின் கலீகா. அதிலிருந்த நச்சுத்தன்மையுள்ள பொருளை அப்படியே கொடுக்காமல், அதன் உறவான வேறொரு மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் செய்து, அளவை உறுதிசெய்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தார்கள். சிறுகுறிஞ்சானுக்கு அந்தக் கடைசிப் படிகள் இன்னும் பாக்கி. அதுவரை, மாத்திரையோடு பொடியையும் சேர்ப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கினால், மயக்கம் போடுவது நோயாளிதான்.