வாத்தியாரும் ஆட்டக்காரரும்

1956 நவம்பர் 1ஆம் தேதி சித்தூரும் ஐதராபாத்தும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று, மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அணியைத் தயார்செய்தவர் ஐதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சையது அப்துல் ரஹீம். அதே அணியில் இருந்த இருபது வயதுப் பையன் பிரதீப் குமார் பானர்ஜி, பி.கே. என்று நாடே அழைத்தவர். இவரும் பின்னாளில் பயிற்சியாளரானார், பெரும்புகழ் பெற்றார்.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. திருப்பதியிலும் சரி, சித்தூரிலும் சரி, மைதானத்து ஓரத்தில் நின்று பேசினால் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன்: "பெரிய பிளேயர் யாராவது வந்து கோச்சிங் கொடுத்தால்தான் நம்ம பசங்க தேறுவாங்க." அந்தப் பெரிய பிளேயர் வரவும் இல்லை, பையன்கள் காத்திருந்தே வயதாகிப் போகிறார்கள்.

ரஹீம் பெரிய ஆட்டக்காரர் கிடையாது. உள்ளூர் அணிகளில் ஆடியவர், நாட்டுக்காக ஒருபோதும் ஆடியதில்லை. காச்சிகுடாவிலும் சாதர்காட்டிலும் பள்ளிகளில் பாடம் நடத்தினார். உடற்கல்விப் பட்டயம் வாங்கினார். 1943 முதல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். அவர் பயிற்சி கொடுத்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை எடுத்துவந்தது.

எப்படி முடிந்தது? அவர் நடத்திய உள்ளூர்ப் போட்டிகளைப் பாருங்கள். ஒன்றில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வெட்டி வெட்டிப் போகக் கூடாது, வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும். குட்டையான பையன்களுக்கென்றே ஒரு போட்டி. இதற்கெல்லாம் பணமும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். விதியை மாற்றினால் போதும், பாடத்தை ஆட்டமே சொல்லிக்கொடுத்துவிடும். வகுப்பறையில் நின்று பழகிய ஒருவருக்குத்தான் இது தோன்றும் என்று நினைக்கிறேன். தனக்குத் தானாக வந்துவிட்ட வித்தையைப் பெரிய ஆட்டக்காரரால் பல சமயம் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. வாத்தியாருக்கு எதுவும் தானாக வந்ததில்லை, அதனால் எந்த இடத்தில் பையன் தடுமாறுவான் என்று அவருக்குத் தெரியும்.

சித்தூரில் ஓர் அரசுப் பள்ளியின் பி.இ.டி. சார் இதையே செய்து பார்த்ததை நான் நின்று கவனித்திருக்கிறேன். பையன்களின் வலது கணுக்காலில் துணிக் கிழிசல் கட்டிவிட்டார். அந்தக் காலால் பந்தைத் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். முதல் பத்து நிமிடம் பார்க்கச் சகிக்கவில்லை, பந்து போக வேண்டிய திசையைத் தவிர எல்லாத் திசைக்கும் போனது. "எடம காலு ரா, எடம காலு!" என்று ஒருவன் தெலுங்கில் கத்த, அடுத்தவன் தமிழில் பதில் சொல்ல, அரைமணி கழித்து ஒருவன் இடது காலால் குறுக்கே ஒரு பாஸ் கொடுத்தான். அது சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. அவன் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டான்.

பி.கே. வேறு வழியில் வந்தவர். 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே அணி கொல்கத்தா லீகை வென்றபோது அதன் உயிரே அவர்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கேப்டன், பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்டு ஆட்டத்தை 1-1 என்று முடித்தவர். 1961இல் அர்ஜுனா விருது பெற்றார். பயிற்சியாளராக ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தபோது அவர் கைக்குக் கிடைத்தவர்கள் ஏற்கெனவே தேறிய ஆட்டக்காரர்கள். அவர்களுக்குக் காலைத் திருத்த வேண்டியதில்லை, நெஞ்சைத் தூண்ட வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு முன்பு அவர் பேசும் பேச்சுக்கு 'வோகல் டானிக்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று சாய்த்தது. அடுத்து அதே மோகன் பகானுக்குப் போய், 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸை ஈடன் கார்டனில் 2-2 என்று நிறுத்தினார். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் சால்ட் லேக் மைதானத்தில் கூடினார்கள். அவருடைய ஈஸ்ட் பெங்கால், அமல் தத்தாவின் மோகன் பகானை 4-1 என்று வென்றது.

பேசத் தெரிந்தவர் என்று மட்டும் பி.கே.யைச் சுருக்கிவிடக் கூடாது. ஜாம்ஷெட்பூர் டாடா அகாடமியில் சில ஆண்டுகள் சிறுவர்களோடும் உழைத்தார். ஆனாலும் அவருடைய சொல்லுக்கு எடை கொடுத்தது அவர் ஆடிய ஆட்டம். எழுந்து நின்று பேசினால், ரோமிலும் ஜகார்த்தாவிலும் ஓடிய கால்கள் கண்முன் நிற்கும். அந்த எடையை வேறு யாரும் கடன் வாங்க முடியாது.

இருவரும் ஒன்றாக நின்ற பெரிய இடம் 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி. ரஹீமை அப்போதே புற்றுநோய் பிடித்திருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்தோடு ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் பிறகு அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்து கோல் போடச் சொன்னார். இறுதியாட்டத்தில் மறுபடியும் தென் கொரியா. அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோல்கீப்பராகத் தங்கராஜ், முன்னால் துளசிதாஸ் பலராம். பலராம் செகந்திராபாத் பக்கத்து அம்முகூடாக் கிராமத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஏழைப் பையனாக இருந்தபோது பயிற்சிக்கு வந்துபோக வாடகைச் சைக்கிளுக்குக் காசு கொடுத்தவர் ரஹீம். 17ஆம் நிமிடம் பி.கே. கோல் போட்டார், மூன்று நிமிடத்தில் ஜர்னைல் இன்னொன்று. 2-1, தங்கம். 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார்.

ஜகார்த்தா இறுதியாட்டத்துக்கு முந்தின இரவு ரஹீம் ஆட்டக்காரர்களிடம் எனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைக்குத் தங்கம் கொண்டுவாருங்கள் என்று கேட்டதை பி.கே. பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். 'வோகல் டானிக்' எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது. தானே ஓடிக் காட்ட முடியாத வாத்தியாரிடமிருந்துதான் ஓடிக் காட்டிய பி.கே. அதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பி.கே. 2020 மார்ச்சில் காலமாகும்வரை அந்த வாத்தியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், கொல்கத்தாவுக்கு பி.கே., சித்தூருக்கு ரஹீம் என்பேன். ஒரு லட்சம் பேர் கூடும் மைதானமும் தேறிய பதினொரு ஆட்டக்காரர்களும் இருக்கும் ஊரில் பி.கே.யின் வித்தை பலிக்கும். நகரியிலும் புத்தூரிலும் பள்ளி மணி அடித்த பிறகு பந்தோடு வருகிற பையன்களுக்கு வேண்டியது விதியை மாற்றத் தெரிந்த ஒரு வாத்தியார். 2014இல் ஐதராபாத் வேறு மாநிலமாகிவிட்டது. ரஹீமை இப்போது நம்மவர் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்கலாம். அந்த இடது கால் போட்டிக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லையே.

சித்தூரிலோ திருப்பதியிலோ மாவட்டப் போட்டி நடத்துகிறவர்கள் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு போட்டியை இடது காலால் மட்டும் ஆடவைத்துப் பார்க்கட்டும். கோப்பையை நான் வாங்கித் தருகிறேன்.