ஐந்து வீதத்தின் கதை: அஷ்ரஃபும் வெட்டுப்புள்ளியும்

மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களைப் பற்றிப் பேசும்போது ஒலுவில் பல்கலைக்கழகமும், துறைமுகமும், 'நான் எனும் நீ' கவிதைத் தொகுதியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்நாட்டின் அரசியல் யாப்பில் இடம்பெறுவதற்கு அவர் காரணமாக இருந்த ஓர் எண்ணைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த எண் 5.

1948 இல் சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, சட்டத்தரணியானவர் அவர். 1977 பொதுத்தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியின் சார்பில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு இணைந்து மேடையேறினார். கூட்டணியில் போட்டியிட்ட முஸ்லிம் வேட்பாளர் எவரும் கிழக்கில் வெல்லவில்லை. கல்முனையில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ.ஆர். மன்சூர் வென்றார். அதற்கு முன்னர், 1956 இல் தமிழரசுக் கட்சியில் வென்ற கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர் அரசாங்கத்தின் பக்கம் சென்றதையும் கல்முனை கண்டிருந்தது. பிறர் கட்சியில் தங்கியிருக்கும்வரை சமூகத்தின் குரல் தனிமனிதரோடு வந்து தனிமனிதரோடு போய்விடும் என்பதே இந்த அனுபவங்கள் தந்த பாடம். 1981 இல் காத்தான்குடியில் தொடங்கப்பட்ட ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1986 இல் அரசியல் கட்சியாயிற்று.

ஆயினும் கட்சி அமைத்தால் மட்டும் போதாது. 1978 யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்த கையோடு ஒரு தடையையும் வைத்திருந்தது. ஒரு தேர்தல் மாவட்டத்தில் 12.5 வீதத்துக்குக் குறைவாக வாக்குப் பெறும் கட்சி ஆசனப் பங்கீட்டிலிருந்தே நீக்கப்படும். எட்டில் ஒரு பங்கை எட்டாத சமூகம் எத்தனை ஒற்றுமையாக வாக்களித்தாலும் அது வீண்தான்.

1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியபோது, பிரேமதாசவுக்கு ஆதரவளிப்பதற்கு அஷ்ரஃப் முன்வைத்த நிபந்தனை இத்தடையைக் குறைப்பதாகும். வாக்கெடுப்புக்கு இரு நாட்களுக்கு முன்னர், டிசம்பர் 17 இல், பதினைந்தாவது திருத்தம் சட்டமாயிற்று. வெட்டுப்புள்ளி 5 வீதமாக இறங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1981 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்கினர். அவர் போட்டியிட்ட மாவட்டத்துக்கு இச்சலுகை தேவைப்படவில்லை. கிழக்குக்கு வெளியே சிதறி வாழ்வோருக்கும், சிறிய கட்சிகள் அனைத்துக்குமே அது தேவைப்பட்டது. 1989 இல் அஷ்ரஃப் உட்பட நால்வர் முஸ்லிம் காங்கிரஸின் சார்பில் பாராளுமன்றம் சென்றனர்.

அந்தக் கதவால் பின்னர் வந்தவர்களையும் பாருங்கள். 2020 இல் தேசிய மக்கள் சக்தி மாவட்ட ரீதியாக வென்றவை இரண்டே ஆசனங்கள்: கொழும்பில் ஒன்று, கம்பஹாவில் ஒன்று. இரு மாவட்டங்களிலும் அதன் வாக்கு 6 வீதத்துக்கும் குறைவு. பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் இரண்டும் கிடைத்திரா. கொழும்பில் அவ்வாறு தெரிவானவர் அநுர குமார திசாநாயக்க. 2024 இல் அவர் ஜனாதிபதியானார். அவரது அணி 159 ஆசனங்களைப் பெற்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2000 செப்டம்பர் 16 இல் அரநாயக்கவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் தலைவர் மறைந்த பின் கட்சி பிளவுண்டது. நுழைவாயில் தாழ்ந்திருந்தால் பிரிந்து செல்வதும் எளிது. ஒற்றுமைக்காகப் பெற்ற வசதி பிரிவினைக்கும் பயன்பட்டது.

2020 தொடக்கத்தில் வெட்டுப்புள்ளியை மீண்டும் 12.5 ஆக்க ஒரு தனிநபர் பிரேரணை வந்தது. அது நிறைவேறவில்லை. ஆனால் அத்தகைய முயற்சி இனி வராது என்று யாரால் சொல்ல முடியும்? அந்த ஐந்து எவ்வாறு வந்தது, யாருக்காக வந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருந்தால்தான் அதைக் காக்க ஆளிருக்கும்.